ஆறு சைக்கிள் சீட்டுகளும் ஒரு கடலும்

மூக்குக் கண்ணாடிக் கடையில் அவளுடைய வேலை, பிறர் முகத்தில் எங்கே அழுத்துகிறது என்று கண்டுபிடிப்பது. காதுக்குப் பின்னால் ஒரு நூலளவு, மூக்குத்தண்டில் அரை நூலளவு. "தலையை நேரா வச்சுக்கங்க. இப்ப எங்கயாவது உறுத்துதா?" என்று நாளொன்றுக்கு முப்பது பேரைக் கேட்பாள். அவளை அப்படிக் கேட்க ஆளில்லை. கேட்டாலும், நாலு பேர் முன்னால் சொல்லக்கூடிய இடத்தில் அவளுக்கு வலி இல்லை.

நாற்பத்தொரு வயதில் டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். ஒன்றரைக் கிலோமீட்டர் நீச்சல், நாற்பது கிலோமீட்டர் சைக்கிள், பத்துக் கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே காலையில். நீச்சலில் அவளைக் குறை சொல்ல முடியாது. ஓட்டமும் பழுதில்லை. இடையில் உட்கார்ந்துகொண்டு செய்ய வேண்டியதுதான் ஆகவில்லை. உட்கார்ந்து செய்கிற வேலை சுகம் என்று சொன்னவன் சைக்கிள் சீட்டைப் பார்த்திருக்க மாட்டான்.

சேர்ந்து பயிற்சி செய்பவர்கள் ஏழு பெண்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஊருக்கு வெளியே நேர்ச்சாலையில் இருபது கிலோமீட்டர் போய்த் திரும்புவார்கள். இருபதாவது கிலோமீட்டரில் சாலை வளையும்; வளைந்ததும் கடல். பதினான்காவதில் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் மேடை ஒன்று உண்டு. எட்டு மாதமாக அவள் அந்த மேடையோடு சரி. அங்கே இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, பல்லைக் கடித்தபடி வீட்டுக்குத் திரும்புவாள். மற்றவர்கள் கடலைப் பார்த்துவிட்டு வந்து, "இன்னைக்கு என்னா நீலம்!" என்பார்கள். பஸ்ஸில் போனால் அதே கடல் அரை மணி நேரத்தில் வந்துவிடும்தான். அது கணக்கில் சேராது என்பது அவள் கட்சி.

ஆறு சீட் மாற்றிப் பார்த்தாள். மூன்றாவது, கணவர் வாங்கி வந்த பஞ்சுச் சீட்.

"சோபால உக்காந்த மாதிரி இருக்கும் பாரு."

"சோபால உக்காந்து எவளும் ரேஸுக்குப் போனதில்லைங்க."

போனாள். பத்தாவது கிலோமீட்டரிலேயே இறங்கினாள். மெத்தென்ற சீட்டில் உடம்பு அமுங்க அமுங்க, அழுத்தக்கூடாத இடத்தில்தான் அழுத்துகிறது. கல்லுக்குப் பயந்து பஞ்சுக்குப் போனவளுக்குப் பஞ்சு கொடுத்த தண்டனை அது.

அந்த ஏழு பேருக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒத்துவராத சீட்டைக் கழற்றி, குழுவை நடத்தும் வக்கீலம்மாவின் கார் டிக்கியில் இருக்கும் நீல வாளியில் போட வேண்டும். ஏன் ஒத்துவரவில்லை என்று காகிதத் துண்டில் எழுதி அதில் கட்ட வேண்டும். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவருக்கே சொந்தம், போட்டவர் திரும்பக் கேட்கக் கூடாது. இது வக்கீலம்மா போட்ட சட்டம், மேல்முறையீடு கிடையாது. அவள் இரண்டாவதாக வாங்கிய, நடுவில் பள்ளம் விட்ட கறுப்புச் சீட்டை வாளியில் போட்டபோது 'பரவாயில்லை, ஆனால் வேண்டாம்' என்று எழுதியிருந்தாள். அதை எடுத்தவள் வங்கியில் காசாளராக இருப்பவள். குழுவிலேயே மெதுவாக ஓட்டியதால் அவளுக்குப் 'புயல்' என்று பெயர். சீட் மாறியதிலிருந்து பெயர் பொருந்த ஆரம்பித்தது. ஞாயிறுதோறும் தன் முன்னால் சிறிதாகிக்கொண்டே போகும் அந்தக் கறுப்புச் சீட்டை, கழற்றிப் போட்டவள் பார்த்துக்கொண்டே மிதிப்பாள். கட்டிக்கொடுத்த பெண்ணைத் தெருவில் பார்ப்பதுபோல இருக்கும்.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது வக்கீலம்மா சொன்னாள்: "புதுசாப் பேரு சேக்க இடமில்ல. வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பேரை மாத்தலாம். உன்னால முடியலைன்னா சொல்லிடு, புயல் போகட்டும். வருத்தப்படாத."

வருத்தப்படாதே என்று சொன்னபிறகு வேறென்ன செய்வது? சட்டத்தை மீறிப் புயலுக்கே போன் செய்தாள்.

"அக்கா, பெத்த புள்ளையக் கேளுங்க, ஒரு மாசம் வச்சுக்கங்கன்னு அனுப்பி வைக்கிறேன். சீட்டை மட்டும் கேக்காதீங்க."

"உன் புள்ளை எனக்கு எதுக்குடி? அவன் மேல உக்காந்தா போக முடியும்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒருத்தி கொஞ்சம் சீக்கிரமே நிறுத்தினாள்.

வெள்ளிக்கிழமை மாலை, கொழுந்தனார் வந்தார். தரைக்கு ஓடு பதிப்பவர். சீட்டைச் சமமாக வைப்பதற்காக அவரிடமிருந்து அவள் இரவல் வாங்கி வைத்திருந்த ரசமட்டத்தைக் கேட்டு வந்தார். அவள் பால்கனியில் வண்டியை நிறுத்தி, ஆறாவது சீட்டின் மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்பதைக் காட்டினாள். "பாருங்க தம்பி, மட்டமாத்தான் வச்சிருக்கேன். அப்பவும் கொல்லுது."

அவர் சீட்டைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"அண்ணி, எல்லா சீட்டையும் இங்கயே வச்சா மட்டம் பாத்தீங்க?"

"வேற எங்க? வாஷிங் மெஷினுக்கும் சுவத்துக்கும் நடுவுல இந்தப் பக்கமாத்தான் வண்டி நிக்கும்."

"இந்தத் தரையைப் போட்டதே நான்தானே! மழைத்தண்ணி போறதுக்குச் சாய்ச்சில்ல போட்டிருக்கேன்? முன் சக்கரம் பள்ளத்துல நிக்குது. இங்க மட்டமா இருந்தா, ரோட்டுக்குப் போனதும் சீட்டு மூக்கைத் தூக்கிக்கும்."

அவளும் தரையைப் பார்த்தாள். எட்டு மாதமாகக் கையிலிருந்து நழுவிய திருகுகளெல்லாம் அந்த ஒரே மூலைக்கு உருண்டோடியது நினைவுக்கு வந்தது. பொறுக்கி எடுத்துத் திட்டியிருக்கிறாள். ஏன் ஓடுகிறது என்று கேட்டதில்லை. முப்பது பேரிடம் தலையை நேராக வைக்கச் சொல்கிறவள் தன் வண்டியைச் சாய்வில் நிறுத்தி ஆறு சீட்டுகள் மேல் பழி போட்டிருக்கிறாள்.

வாளியிலிருந்து முதல் சீட்டை எடுத்து வந்தாள். வண்டியோடு வந்தது, அகலமும் இல்லை, பஞ்சும் இல்லை. கட்டியிருந்த காகிதத்தில் 'கல்' என்று அவள் கையெழுத்து. கூடத்தில் நிறுத்தி, முதலில் தரைக்கு ரசமட்டம் வைத்துப் பார்த்து, பிறகு சீட்டுக்கு வைத்தாள். கணவர் வண்டியைப் பிடித்துக்கொண்டார். சோபாவைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டாவது கிலோமீட்டரிலிருந்து அவள் வலிக்காகக் காத்திருந்தாள், வருகிறேன் என்று சொன்ன விருந்தாளிக்குக் காத்திருப்பதுபோல. எடை மேடை வந்தது. மேடைக்காரர் பழக்கதோஷத்தில் தண்ணீர்ப் பாட்டிலோடு எழுந்து நின்றார். அவள் கையாட்டிவிட்டுப் போனாள். அதற்கப்பால் ஒரு பூவரசு மரம் இருக்கிறது, ஒரு மூடிய பெட்ரோல் பங்க் இருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குப் புதிது.

வளைவு. கடல்.

அப்படியொன்றும் நீலமில்லை. சாம்பல் நிறத்தில், ஓரத்தில் கொஞ்சம் குப்பையோடு கிடந்தது. அவள் ஒரு காலைத் தரையில் ஊன்றிப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் அங்கேயே திரும்புவதுதான் வழக்கம். சாலை மட்டும் கரையோரமாக மேலே போய்க்கொண்டிருந்தது. அது எங்கே போகிறது என்று இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

புயல் பக்கத்தில் வந்து நின்றாள். "என்னக்கா, நடுவுல இறங்கலயா?"

"இல்ல."

"வலிக்கலயா?"

"வலிக்குது. கால் மட்டும்."

புயல் தலையாட்டினாள். "அப்ப போட்டிக்கு நீங்களே போறீங்க."

"ஆமா."

"நல்லது," என்றாள் புயல், கறுப்புச் சீட்டின் முனையைத் தடவியபடி. அவள் பார்வை கடல் மேல் இல்லை. அந்தக் கல் சீட்டின் மேலும் இல்லை. கரையோரம் நீண்டு போன சாலையில் இருந்தது. எட்டு மாதம் எடை மேடைச் சுவரில் சாய்ந்து நின்றவளுக்கு அந்தப் பார்வையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"வாயேன்டி," என்றாள் புயலிடம். "அந்தத் திருப்பம் வரைக்கும் போய்ட்டு வரலாம்."