மிஞ்சிய தாம்பூலப் பைகள்

உடையார்பாளையம் சந்தையில் காய்கறி விற்கும் செங்கமலத்திடம் பிளாஸ்டிக் பை கேட்டால் எரிந்து விழுவாள்.

"கைய வீசிக்கிட்டு வந்தா எதுல போட்டுத் தர்றது?"

கடையிலிருந்த பிளாஸ்டிக் பைகளைச் சோதனைக்கு வந்தவர்கள் அள்ளிக்கொண்டு போன அன்று, மகள் கல்யாணத்தில் மிஞ்சிய தாம்பூலப் பைகளைப் பரணிலிருந்து இறக்கினாள். வாங்க வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, மகள் வாழாமல் வீடு திரும்பிவிட்டாள்.

பைகள்தான் கிழியவே இல்லை. வாராவாரம் யாராவது பெருமையாக நீட்டுகிறார்கள்.

"உங்க வூட்டுப் பைதான்க்கா. பத்திரமா வச்சிருக்கேன்."

மணமக்கள் பெயர் சிவப்பு மையில் அப்படியே இருக்கிறது. செங்கமலம் பையைப் புரட்டி, எழுத்து உள்ளே போன பிறகுதான் தக்காளியைக் கொட்டுகிறாள்.