பதினான்கு எண்ணுவதற்குள்

என் மகள் வாசலில் மாட்டிவிட்டுப் போன கேமரா மணி, நேற்று ஒரே நாளில் முப்பத்தொரு முறை அவளுடைய கைபேசிக்குத் தகவல் அனுப்பியிருக்கிறது. அதில் உண்மையாக வந்தவர்கள் ஆறு பேர். ஒன்பது முறை எதிர்வீட்டுப் பூனை. மீதிப் பதினாறும் நான்தான். கதவைச் சரியாகப் பூட்டினேனா என்று வெளியே போய்ப் பார்த்தது. பதினாறாவது தடவை அலுவலகத்திலிருந்து அவள் பேசினாள். "அப்பா, பூட்டிதான் இருக்கு. போய்ப் படுங்க" என்று கதவே என்னிடம் சொன்னது. இதில் குறை கண்டுபிடிக்க ஒரு வாரமாக முயல்கிறேன். ஒன்றரைதான் கிடைத்திருக்கிறது.

ஆனால் இதைப் போன்ற ஒன்று எங்கள் வீட்டில் அறுபது வருடங்களுக்கு முன்பே இருந்தது. அதைச் செய்தவர் என் சித்தப்பா. ஊரின் மறுகோடியில், அடுகோடி என்ற பகுதியில், மோட்டார் காயில் சுற்றும் பட்டறை ஒன்றில் அவருக்கு வேலை.

அப்போது நாங்கள் ஒக்கலிபுரத்தில், ரயில் பாதையை ஒட்டிய வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தோம். எட்டு வீடுகளுக்கு ஒரு குழாய். மாலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் தண்ணீர் வரும். ஒரு வீட்டார் ஆறு குடம் பிடித்ததும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக் கூப்பிட வேண்டும். கதவு திறக்காவிட்டால் முறை அதற்கடுத்த வீட்டுக்குப் போய்விடும். என் அம்மாவுக்கோ, நான் பிறந்த வருடம் வந்த காய்ச்சலில் காது முழுவதும் போய்விட்டது. எஞ்சின் கரி உள்ளே வந்து படியும் என்பதால் கதவைத் திறந்து வைக்கவும் முடியாது. அடுக்களையோ வீட்டின் கடைசியில்.

ஆகவே அம்மாவின் காது நான்தான். நான்கு பத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் ஆறு வரை கதவருகே உட்கார்ந்திருக்க வேண்டும். தெருப் பையன்கள் மைதானத்தில் பந்து ஆடும் சத்தம் நன்றாகக் கேட்கும். போக முடியாது. பொழுது போக வேண்டுமே என்று ஜன்னல் வழியே ரயில் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன். அன்று பிடித்த வழக்கம் இன்னும் விடவில்லை.

இதைப் பார்த்துப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா ஒரு பிஸ்கட் டின்னை வெட்டி இரண்டு தகடாக்கினார். நடுவே நான்கு மூலையிலும் அட்டைத் துண்டு. அதை வாசற்படியில் நார் மிதியடிக்கு அடியில் வைத்தார். அங்கிருந்து ஒயர் உள்ளே போய், இரண்டு டார்ச் செல்லைத் தொட்டு, அடுக்களையில் அம்மாவின் கண்ணுக்கு நேரே ஒரு சின்ன பல்பில் முடிந்தது. மிதியடியை மிதித்தால் பல்பு எரியும். பார்த்துவிட்டு அம்மா வந்து திறப்பாள்.

முதல் நாள் ரயில் போகும்போதெல்லாம் தகடு அதிர்ந்து பல்பு எரிந்தது. "ஏழு தடவை தொறந்துட்டேன், வாசல்ல ஒரு ஆளும் இல்ல. யாரைத்தான் வரச் சொல்லி வச்சிருக்கே?" என்று அம்மா சித்தப்பாவைக் கேட்டாள். அவர் அட்டையை எடுத்துவிட்டு சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டி வைத்தார். ரயிலுக்கு எரிவது நின்றது. அடுத்த நாள் எங்கள் முறையே தவறிப்போனது. எங்களைக் கூப்பிட வேண்டிய பக்கத்து வீட்டம்மா மிதியடியைத் தாண்டி நின்று கதவைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். "புதுசா இருக்கு, சும்னே எதுக்கு அழுக்கு பண்றதுன்னு தாண்டி நின்னேன்" என்றார், கன்னடம் கலந்த தமிழில். சித்தப்பா கதவில் சாக்குக்கட்டியால், மிதித்துவிட்டு நிற்கவும் என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதினார்.

அதன்பிறகு வெயில் காலம் முழுவதும் அது ஒரு நாளும் தவறவில்லை. நான் பையைப் போட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடினேன். அம்மா நிம்மதியாக அடுக்களையில் வேலை பார்த்தாள். வரிசையில் இருந்த எட்டு வீட்டுக் குழந்தைகளும் வந்து ஆளுக்கொரு முறை மிதித்துப் பார்த்தார்கள். இப்படி ஒரு சித்தப்பா மற்ற ஏழு வீட்டிலும் இல்லை என்பதில் எனக்கிருந்த பெருமை கொஞ்சமல்ல.

தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து மிதியடியில் நின்றதும் மனதுக்குள் எண்ணுவேன். பதினான்கு எண்ணும்போது கதவு திறக்கும். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் பதின்மூன்று, ஒரு நாள் பதினைந்து. எல்லாவற்றையும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

மழைக்காலம் தொடங்கியது. ஒரு திங்கட்கிழமை மூன்று எண்ணுவதற்குள் கதவு திறந்துவிட்டது. மறுநாளும் மூன்று. அதற்கடுத்த நாள் நான்கு, பிறகு மறுபடி மூன்று. பத்துப் பள்ளிக்கூட நாட்கள் இப்படியே. கருவி பழகப் பழக வேகம் பிடித்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நாட்களில் வேறு சிலவும் நடந்தன. அரிசி புடைக்கும் முறமும் மணையும் அடுக்களையை விட்டு முன்னறைக்கு வந்திருந்தன. கதவு நான்கு விரல் அகலம் திறந்தே கிடந்தது. சோற்றில் கரித்தூள் இருக்கிறதென்று அப்பா இரண்டு முறை தட்டைத் தள்ளி வைத்தார். அவற்றையும் நான் எண்ணினேன். ஆனால் வேறு பக்கத்தில் எழுதினேன்.

நடுவில் ஒரு ஞாயிறு வராத சித்தப்பா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்ததும் நோட்டை நீட்டினேன். பதினான்கு மூன்றாகிவிட்டது என்றேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"பல்பு எரியுதாடா?"

"நான் வெளிய நிக்கிறேன். எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் எழுந்து போய் மிதியடியைத் தூக்கினார். தகடு இரண்டும் துருவேறி, தொட்ட இடத்தில் அப்பளம் மாதிரி உதிர்ந்தன. தினமும் காலையில் அம்மா வாசல் கழுவிக் கோலம் போட்டு, ஈரப் படியிலேயே மிதியடியைத் திரும்ப விரிப்பாள். வெயில் காலத்தில் அது காய்ந்துவிட்டது. மழையில் காயவில்லை. எல்லாம் யோசித்த சித்தப்பா கோலத்தை யோசிக்கவில்லை.

அம்மா பின்னால் வந்து நின்றாள். சித்தப்பா அவள் பார்க்கும்படி வாயை மெதுவாக அசைத்து, "எத்தினி நாளா அண்ணி?" என்றார். அம்மா பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். "சொல்லியிருந்தா அன்னிக்கே வந்திருப்பேனே" என்றார். அம்மா மைதானம் இருக்கும் திசையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்து வேண்டாம் என்பதுபோல் தலையை லேசாக ஆட்டினாள். நான் நோட்டைக் காட்டியது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

சித்தப்பா அன்றைக்கே அடுகோடிக்குத் திரும்பிப் போய்ப் பட்டறையிலிருந்து பித்தளைத் தகடு கொண்டுவந்தார். விளிம்பு முழுக்க மெழுகு ஊற்றி, ரப்பர் உறை போட்டு, படியில் வைத்துத் தண்ணீர் ஊற்றிச் சோதித்தார். அந்தத் தகடு நாங்கள் வீடு மாறும்வரை, ஐந்து வருடம், ஒரு முறைகூடப் பழுதாகவில்லை. இன்றைய கருவிகளில் எது ஐந்து வருடம் வருகிறது?

ஆனால் மறுநாள் திங்கட்கிழமை நான் மிதியடியில் ஏறி நின்று எண்ணினேன். மூன்று வந்தது. நான்கு, ஐந்து, ஒன்பது. பதினான்கில்தான் கதவு திறந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அம்மா நின்றாள். முறமும் மணையும் அடுக்களைக்குத் திரும்பியிருந்தன.

அடுத்த ஞாயிறு வரை காத்திருந்து சித்தப்பாவிடம் சண்டைக்குப் போனேன். "நல்லா இருந்ததைக் கெடுத்துட்டீங்க. மூணுல தொறந்துச்சு."

அவர் என் தலையில் கை வைத்தார். "மூணெல்லாம் மெஷினால ஆகாதுடா" என்றார்.

தோற்றுப்போனவர் சொல்லும் சாக்கு என்றே அது எனக்குப் பட்டது. நோட்டை எடுத்து, அந்த வாரத்துப் பதினான்குகளுக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் 'பழுது' என்று எழுதிவிட்டு, பந்து ஆடப் போனேன்.