ஜன்னலோர இடம்

எம்.இ. நுழைவுத் தேர்வில் எனக்குச் சுமாரான மார்க். அதை வைத்தே விண்ணப்பிப்பதா, மறுபடி எழுதுவதா என்று கேட்க, மணவாள நகர் அறையில் எனக்கு யாருமில்லை. வேலைக்குப் போகும் ரயிலில், எனக்கு முந்தைய ஸ்டேஷனான கடம்பத்தூரிலேயே ஏறிவிடும் ஒரு அக்கா மட்டும், 'படிக்கிற பொண்ணு' என்று தினமும் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பார். படிப்பதை நிறுத்தினால் அந்த இடம் போய்விடுமே என்றுதான் மறுபடி எழுத நினைத்தேன். என்மேலேயே எரிச்சல் வந்து, ஒருநாள், இருந்த மார்க்கோடேயே விண்ணப்பித்துவிட்டேன்.

மறுநாள் புத்தகமில்லாமல் ஏறி, வாசலருகிலேயே நின்றேன்.

"அங்க இன்னாத்துக்கு நின்னுகினு கீற? வா!" என்று அக்கா கத்தினார்.

"இனிமே படிக்க ஒண்ணுமில்லக்கா."

"அதுக்கு? ஒக்காரக் கூடாதா?" என்று தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

உட்கார்ந்தேன். திருநின்றவூர் தாண்டும்வரை முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தேன். அப்புறம்தான், முதல்முறையாக, அவர் பெயரைக் கேட்டேன்.