அப்பாவின் அறையில் நான்கு பிளக்குகள்

அப்பா படுத்த படுக்கையான மூன்றாம் வருஷம் தம்பி அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தான். வந்த மறுநாளே ஆன்லைனில் எதையோ ஆர்டர் போட்டான். டயப்பராக இருக்கும், இல்லாவிட்டால் அப்பாவைத் தூக்கி உட்கார வைப்பதற்கு ஏதாவது கருவியாக இருக்கும் என்று நினைத்தேன். பெட்டியைப் பிரித்தால் உள்ளே நான்கு வெள்ளை பிளக்குகள். சுவரில் இருக்கும் பாயிண்டில் இதைச் செருகி, இதன் மேல் டிவியையோ ஃபேனையோ செருகிவிட்டால் போதும், உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் போனிலேயே போடலாம், அணைக்கலாம் என்றான்.

"இனிமே நானும் அப்பாவைப் பாத்துக்கலாம்க்கா. நீ ஒருத்தியே எதுக்குக் கஷ்டப்படணும்?"

பெங்களூர் பிரேசர் டவுனில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் எங்கள் வீடு. அம்மா போய் ரொம்ப நாளாகிறது. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து பொம்மசந்திராவில் ஒரு மாத்திரை கம்பெனியில் பேக்கிங்குக்குப் போனேன். தம்பி படித்து வெளிநாடு போனான். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போனபோது நான் வேலையை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. வேறு வழி இருக்கிறதா என்று யாரும் கேட்கவும் இல்லை. நான் கேட்டு வாங்குகிற ஆளும் இல்லை. ஆட்டோக்காரரிடம் இடம் சொல்வதற்கே மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு சொல்கிறவள்.

பிளக்குகளை மாட்ட அவனுக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், அவருக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தான். பிளக்கில் ஒரு சின்ன விளக்கு மினுக்மினுக்கென்று அடிக்கும். போனில் பாஸ்வேர்டு போடுவான். வைஃபை பிடிக்காது. மறுபடியும் முதலில் இருந்து. கட்டிலுக்கு அடியில் இருக்கிற பாயிண்டுக்கு நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் "கனெக்டட்!" என்று அவன் போட்ட சத்தத்தில் அப்பா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். ஒவ்வொரு பிளக்குக்கும் போனில் பெயர் வைத்தான். அப்பா டிவி, அப்பா ஃபேன், அப்பா கீசர், அப்பா பெட். அப்பா கீசர் பக்கம் போயே வருஷக்கணக்கில் ஆகிறது. பக்கெட்டில் வெந்நீர் பிடித்துவந்து துணியை நனைத்துத் துடைக்கிறவள் நான்.

மூன்றுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. நான்காவதுக்கு மட்டும் வாயைத் திறந்தேன். அப்பா படுத்திருந்தது ஏர் பெட். கட்டில் காலடியில் தொங்குகிற ஒரு சின்ன பம்பு இரவும் பகலும் ஓடி, மெத்தையில் காற்றை மாற்றி மாற்றி அடைத்துக்கொண்டே இருக்கும். ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து படுக்கைப்புண் வராமல் இருப்பதற்காக அது.

"பம்புல வேணாம்டா. அது நிக்கவே கூடாது."

"அதனாலதான்க்கா அதுக்கு முக்கியமா வேணும். நின்னா எனக்கு உடனே தெரியும்ல?"

கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. படித்தவன் வேறு. விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சொந்தக்காரர்கள் சாப்பிட வந்தார்கள். தம்பி எல்லோரையும் அப்பாவின் அறை வாசலில் நிற்கவைத்து, தான் தெரு வரைக்கும் போய் நின்று போனை அழுத்தினான். உள்ளே டிவி தானாகப் போட்டுக்கொண்டது. ஃபேன் சுற்றியது. சித்தி கையைத் தட்டினாள்.

"அங்க இருந்துகிட்டே அப்பனுக்கு ஃபேன் போடுறான் பாருங்க! யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு புள்ள?"

"அப்போ உங்க அக்காவுக்கு இனிமே ரெஸ்ட்டுதான்," என்றார் சித்தப்பா. "சோறையும் போன்லயே ஊட்டிடுப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் மூத்திரப் பையை எடுத்துக்கொண்டு அவர்களுக்கு நடுவே பாத்ரூமுக்குப் போனேன். சிரித்துக்கொண்டே வழிவிட்டார்கள்.

தம்பி ஊருக்குப் போன பிறகு வேறு ஒரு தொல்லை ஆரம்பித்தது. அந்த பிளக் வேலை செய்ய வேண்டுமானால் சுவரில் இருக்கிற சுவிட்சு எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது நடக்காத காரியம். சின்ன வயசில் சுவிட்சை அணைக்காமல் எழுந்து போனால் அப்பா புறங்கையில் சுள்ளென்று ஒன்று வைப்பார். இத்தனை வருஷமாக டிவி பார்த்து முடித்தால் என் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். அப்பாவுக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. டிவி ஓடாதபோது சுவிட்சில் சிவப்பு விளக்கு எரிந்தால் அதையே பார்த்து ம்ம், ம்ம் என்று முனகுவார். நான் போய் அணைத்தால்தான் தூங்குவார்.

அணைத்தால் தம்பியின் போனில் ஆஃப்லைன் என்று வரும். உடனே போன்.

"அக்கா, மறுபடியும் ஆஃப்லைன் காட்டுது. எத்தனை தடவை சொல்றது?"

"அப்பாதான்டா அணைக்கச் சொல்றாரு."

"அப்பா எப்படிச் சொல்வாரு? அவருக்குப் பேச்சே இல்ல."

அவரோடு இருந்தால் தெரியும் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. பம்பு சுவிட்சை நான் தொட்டதே இல்லை என்பதையும் சொல்லவில்லை. அவன் கேட்கவில்லை. கேட்பதற்குப் பதிலாகக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். அக்காவுக்கு யாராவது இதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள் என்று. சித்தி மகள் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். அதில் ஒரு குழந்தை சுவிட்சு போடுகிறது.

மே மாதம் ஓசூரில் அந்தச் சித்தி மகளின் பிள்ளைக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற விழா. நான் வரவில்லை என்றுதான் சொல்லியிருந்தேன். தம்பிதான் விடவில்லை.

"போய்ட்டு வாக்கா. எத்தனை நாளாச்சு நீ வெளிய போயி. நான் இங்கேர்ந்து பாத்துக்கறேன். டிவி போட்டு விடறேன், ஃபேன் போட்டு விடறேன். பெட்டு நின்னா எனக்கு மெசேஜ் வரும். அப்புறம் என்ன?"

பக்கத்து வீட்டம்மா அப்பாவோடு உட்கார்ந்திருக்கிறேன் என்றார். கஞ்சி ஊட்டத் தெரிந்தவர், அப்பாவுக்கும் அவரைப் பிடிக்கும். ஏர் பெட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை, அதற்குத்தான் ஆள் இருக்கிறதே. அப்பாவைத் துடைத்து, திருப்பிப் போட்டு, பீரோவில் இருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஜன்னல் காற்று முகத்தில் அடித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

சாயங்காலம் திரும்பி வந்து அறைக்குள் காலை வைத்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. சத்தம் இல்லை. பம்பு ஓடுகிற உறுமல், எனக்கு மூச்சு மாதிரி பழகிப்போனது, இல்லை.

"கரண்டு போய்டுச்சும்மா," என்றார் பக்கத்து வீட்டம்மா. விசிறி மட்டையை ஆட்டிக்கொண்டிருந்தார். "டிவில பூசை ஓடிட்டே இருந்துச்சு, டப்புனு எல்லாம் நின்னுடுச்சு. டிவி, ஃபேன், எல்லாம். இந்த ஊர்ல ஞாயித்துக்கெழமைன்னா இதே கதை. இதோ வரும், இதோ வரும்னு பாக்குறேன், வரவே இல்ல."

ஹாலில் சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது.

அந்தம்மா எழுந்து நின்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒரு அறையில் எல்லாம் ஒன்றாக நின்றால் பெங்களூரில் யாரும் கரண்டு போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள். பகல் நேரம், விளக்கு போட்டுப் பார்க்கவும் வேலை இல்லை. நான் கட்டிலுக்கு அடியில் குனிந்து வெள்ளை பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பம்பை நேராகச் சுவரில் செருகினேன். ஓடியது. மெத்தை தட்டையாகி, அப்பா ரப்பர் ஷீட்டு மேல் பலகையில் கிடப்பதுபோல் கிடந்தார். முதுகெல்லாம் வியர்வை. திருப்பிப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே, எலும்பு முட்டுகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை என்றால் உள்ளே புண் ஆரம்பித்துவிட்டது. வெளுக்கவில்லை.

மறுநாள் காலையில் தம்பி போன் பண்ணினான். குரல் வேறு மாதிரி இருந்தது. அவன் வீட்டிலும் எல்லாம் இந்த பிளக்கில்தான் ஓடுகிறது. தூங்கப் போகும்போது போனில் ஒரு பட்டனை அழுத்தினால் வீட்டில் எல்லாமே அணைந்துவிடும். நமக்கு ஞாயிறு பகல் என்றால் அவனுக்கு ராத்திரி. அப்பாவுக்கு டிவி போடுவதற்காகப் போனில் எங்கள் வீட்டைத் திறந்து வைத்திருந்தவன், தூக்கக் கலக்கத்தில் அதைத் தன் வீட்டுக்கு மாற்றாமலே தினமும் அழுத்துகிற பட்டனை அழுத்திவிட்டுப் படுத்துவிட்டான். நான் அணைத்தால் வருகிற மெசேஜ், அவனே அணைத்தால் வராதாம்.

"தெரியாம நடந்துடுச்சுக்கா."

"தெரியுதுடா," என்றேன். நிஜமாகவே கோபம் வரவில்லை. யாருக்கும் கை தவறும்.

பிறகு, "நீ யாருக்கும் சொல்லி இதைப் பெருசாக்காதே. இந்த டெக்னிகல் விஷயமெல்லாம் அவங்களுக்குப் புரியாது. நானே பதமா சொல்லிக்கறேன்," என்றான்.

சாயங்காலம் குரூப்பில் பதமாகச் சொல்லியிருந்தான். "அக்கா ஃபங்ஷனுக்குப் போயிருந்த அன்னிக்கு அப்பாவுக்குப் படுக்கைப்புண் வந்துவிட்டது. எல்லாரும் ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள்." ஒரு வார்த்தை பொய் கிடையாது. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஓசூரில் என் தட்டில் பிரியாணியை அள்ளி வைத்து, இன்னும் கொஞ்ச நேரம் இரு என்று கையைப் பிடித்துக்கொண்ட சித்தி மகள், அழுகிற முகம் ஒன்று போட்டிருந்தாள். சித்தி எழுதியிருந்தாள்: "பெரியவங்களைத் தனியா விட்டுப் போகக் கூடாது." நான் பதில் டைப் செய்தேன், அழித்தேன், மறுபடி டைப் செய்தேன். எப்படி எழுதினாலும் என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் தம்பியைக் காட்டிக்கொடுப்பது மாதிரியே வந்தது. போனை மூடிவிட்டு வெந்நீர் வைக்கப் போனேன்.

சிவப்பு கறுப்பானது, தோல் கழன்றது, குழி விழுந்தது. நர்ஸ் ஒருவர் வந்து டிரெஸ்ஸிங் செய்யச் சொல்லிக்கொடுத்தார். எப்படி வந்தது என்று கேட்டார். "நான் வெளிய போயிருந்தேன்," என்றேன். "யாருமே பாத்துக்கலையா?" என்றார். நான்கு பிளக்குகளையும் கழற்றி அலமாரியில் போட்டிருந்தேன். ஆஃப்லைன் காட்டுகிறது என்று தம்பி ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

டிசம்பரில் வந்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு சித்தியும் சித்தப்பாவும் வந்தார்கள். காபி குடித்துக்கொண்டிருக்கும்போது சித்தி ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு நீ வராம இருந்திருக்கலாம்மா. ஒருநாள் ஆசைக்குப் போயி, அவரு இப்போ ஏழு மாசமா நரகத்தை அனுபவிக்கிறாரு."

நான் தம்பியைப் பார்த்தேன். ஹாலில் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். இப்போது சொல்வான் என்று நினைத்தேன். கேட்பவர்கள் இரண்டே பேர், சொந்தச் சித்தி, சித்தப்பா, ஒரு வாக்கியம் போதும். அவன் பிஸ்கட்டைக் காபியில் நனைத்தான். அது உடைந்து உள்ளே விழுந்தது. ஸ்பூன் எடுத்து வருகிறேன் என்று எழுந்து அடுப்படிக்குப் போனான்.

எனக்கு எங்கிருந்து குரல் வந்தது என்று தெரியவில்லை.

"தம்பிதான் சித்தி அன்னிக்கு அங்கிருந்து பெட்டை அணைச்சிட்டான். தெரியாம."

சித்தி என்னையே பார்த்தாள். சித்தப்பாதான் முதலில் சிரித்தார்.

"அமெரிக்காவுல உக்காந்துகிட்டு இங்க எப்படிம்மா அணைக்க முடியும்? பழி போடறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

அங்கிருந்து ஃபேன் போடுகிறான் என்று இதே வீட்டில் கை தட்டியவர்கள். போடுவதை நம்பினார்கள், அணைப்பதை நம்பவில்லை. "பாவம், பாத்து பாத்து அவளுக்கும் மனசு கெட்டுப்போச்சு," என்று சித்தி தாழ்ந்த குரலில் அவரை அடக்கினாள். அடுப்படியில் ஸ்பூன்கள் இருக்கிற டிராயர் திறந்தது, மூடியது. அவர்கள் கிளம்பும்வரை தம்பிக்கு ஸ்பூன் கிடைக்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு வந்து என்னிடம் கேட்டான். "ஏன்க்கா சொன்னே?"

"நீ சொல்லலையே."

"சரி விடு. அவங்கதான் நம்பவே இல்லையே." அவன் முகத்தில் இருந்தது நிம்மதிதான். அதை மறைக்கக்கூட அவன் முயற்சி செய்யவில்லை.

டிரெஸ்ஸிங் மாற்றுகிற நேரமாகிவிட்டது. வழக்கமாகப் பக்கத்து வீட்டம்மா வந்து அப்பாவை ஒருக்களித்துப் பிடித்துக்கொள்வார். அன்று நான் அவரைக் கூப்பிடவில்லை.

"வந்து அப்பாவைப் பிடி," என்றேன். நான் அப்படி உத்தரவு போட்டு அவன் கேட்டதே இல்லை. வந்தான். அப்பாவின் தோளையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இங்க பாரு."

"முடியலக்கா."

"பாரு."

பார்த்தான். கதவு திறந்தே இருந்ததால், ஹாலில் பேசியதெல்லாம் அப்பா காதில் விழுந்திருக்கும். அவருக்குப் பேச்சுதான் போனது, காது நன்றாகக் கேட்கும். நான் கையுறையை மாட்டிக்கொண்டு பழைய பஞ்சை எடுத்தேன். வலியில் அப்பாவின் இடது கை மெத்தையில் எதையோ தேடியது. தம்பியின் கையைக் கண்டுபிடித்து, விரல்களைக் கோத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நான் கழுவி முடிக்கும்வரை விடவில்லை. மற்ற நாட்களில் அந்தக் கை என் மணிக்கட்டைத் தட்டிவிட்டுக்கொண்டே இருக்கும். அன்று ஆடாமல் இருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது.