சிவப்பு விளக்குக்கு நிற்கும் திருடன்

கேம் சென்டர் நடத்துகிற சக பாவிகளே, தெருவில் எந்தப் பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டாலும் நம் கடையைத்தான் முறைப்பார்கள். நாமும் கன்ட்ரோலரைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொள்வோம். ஆவடி குவார்ட்டர்ஸ் பக்கம் ஆறு வருடமாகக் கடை வைத்திருக்கிறவள் நான். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒரே விளையாட்டு. ஒரு பெரிய நகரம். அதில் கார் திருடலாம், கொள்ளையடிக்கலாம், போலீஸ் துரத்தும்.

யாருக்காக நிற்பது?

வேலு அண்ணன் திருவேற்காடு - பூந்தமல்லி ஷேர் வேன் ஓட்டியவர். ஒரு விபத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்குகிறது, எட்டு மாதமாக வேன் சும்மா நிற்கிறது, விளையாட்டிலாவது ஓட்டிப் பார்க்கட்டும் என்று அவர் மனைவி கஸ்தூரி அக்கா கூட்டி வந்தார். விளையாட்டு ஸ்டியரிங்கை மாட்டி உட்கார வைத்தேன்.

முதல் சிக்னலிலேயே சிவப்பு விளக்குக்கு வண்டியை நிறுத்திவிட்டார். பக்கத்து நாற்காலியில் வங்கியைக் கொள்ளையடித்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவி திவ்யாவுக்குத் தாங்கவில்லை. "அண்ணா, சும்மா போங்க. இதுக்கெல்லாம் போலீஸ் வராது."

"போலீசுக்கோசரமாம்மா நிக்கிறோம்? குறுக்கால யார்னா வருவாங்க."

ஏறாத சவாரி

அடுத்த நாள் அந்த நகரத்தில் ஒரு வேனைக் கண்டுபிடித்து, பஸ் நிறுத்தத்தில் ஓரங்கட்டி ஹாரன் அடித்தார். நின்றவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். ஒருவன் சுவரில் முட்டி முட்டி நடந்தபடியே இருந்தான். அது விளையாட்டின் பழைய கோளாறு. இதில் யாரும் ஏற மாட்டார்கள் என்று சொல்லியும் கேட்காமல், அரை மணி நேரம் நிறுத்தம் நிறுத்தமாகச் சுற்றினார்.

பின்னால் நின்ற கஸ்தூரி அக்கா திரையைப் பார்த்தே கத்திவிட்டார். "எட்டு மாசம் கழிச்சி இப்பதான் மனுசன் ட்ரிப்பு அடிக்கிறாரு, ஏறித் தொலைங்களேன்டா!"

தானாக வந்து விழுந்தவன்

அந்த விளையாட்டில் இன்னொரு கோளாறும் உண்டு. நடைபாதையில் போகிற ஆள் காரணமே இல்லாமல் கார் முன்னால் பாய்வான். மற்றவர்களுக்கு அது சிரிப்பு. வேலு அண்ணனுக்கு அது நடந்தபோது நாற்காலி கவிழ எழுந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. அக்கா சோடா வாங்க ஓடினார். நான் டிவியை அணைக்கப் போனேன்.

திவ்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நடந்ததைத் திரும்பப் போட்டுப் பார்க்க அந்த விளையாட்டில் வசதி இருக்கிறது. மெதுவாக ஓடவிட்டாள். "பாருங்கண்ணா, அவன்தான் குதிக்கிறான். உங்க பிரேக் லைட் எரியுது பாருங்க."

"இன்னொரு தபா போடும்மா" என்றார். மூன்று முறை பார்த்தார். பிறகுதான் விபத்தைப் பற்றி வாய் திறந்தார். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஒருவன் குறுக்கே வந்திருக்கிறான். கால் முறிந்து, இப்போது நன்றாக நடக்கிறான். அன்று கூடிய கூட்டம் அடித்தது வேலு அண்ணனைத்தான்.

"அன்னிக்கும் நான் பிரேக்கு போட்டேன்மா. சொன்னா ஒருத்தனும் நம்பல."

பத்து நாள் கழித்து

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நல்லது செய்கிறேன் என்று ஒரு மனுஷனை உடைத்துவிட்டோமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. திவ்யா தினமும் கேட்டாள். நானும் தினமும் உதட்டைப் பிதுக்கினேன்.

பதினோராம் நாள் காலை ஷட்டரைத் தூக்குகிறேன், எதிரில் ஒரு வேன் நிற்கிறது. முன்சீட்டில் கஸ்தூரி அக்கா. ஸ்டியரிங்கில் வேலு அண்ணன் கை. லேசாக நடுக்கம் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. பின்சீட்டில் நாலு பேர், சீக்கிரம் எடுக்கச் சொல்லி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"உள்ள வரலியாண்ணே?" என்றேன்.

"வேணாம் தங்கச்சி. உன் டிவி ஊர்ல எவனுக்கும் ரோட்ல நடக்கவே தெரில, அதுக்கு நம்ம பூந்தமல்லி ரோடு எவ்ளோ மேல்!"

பூந்தமல்லி ரோடே மேல் என்று ஒரு டிரைவரைச் சொல்ல வைத்த விளையாட்டை, அதன் கோளாறுகளுக்காகத் திட்ட இனி எனக்கு வாய் வராது.