மெட்டிக்காரி

பாழடைந்த அரிசி மில்லில் பழைய சாமான் தேட வந்தவர்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்தவள் நான்தான். ஓரிக்கைக்குப் போகிற வழியில், அந்த மில் வாசலுக்கு எதிரே டிபன் கடை வைத்திருக்கிறேன். மில்லை மூடி வருஷங்கள் ஆகிவிட்டன. மிஷின்களை எடைக்குப் போட்டாயிற்று. புகைபோக்கியும் நெல் காயவைத்த சிமெண்டுக் களமும் கேட்டின் இரண்டு தூண்களும்தான் மிச்சம். மனை பிரித்து விற்பதற்கு முன்னால் செத்துப்போன முதலாளியின் மகன் சென்னையிலிருந்து ஓர் ஆளை வரவழைத்திருந்தார். அந்த ஆளின் கையில் ஒரு நீளக் கம்பு, அதன் நுனியில் வட்டமாக ஒரு தட்டு. மண்ணுக்குள் இரும்போ பித்தளையோ இருந்தால் அது கீச்சென்று கத்தும்.

மகனுக்கு டவுனில் பட்டுக்கடை இருக்கிறது. கிடைப்பதையெல்லாம் துடைத்துக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறாராம். கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் குடும்பத்தின் பெருமையைப் பார்க்க வேண்டுமாம். டீயை வாங்கிக்கொண்டே சொன்னார். பெருமையா? அந்தப் பெருமையின் லட்சணம் எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

என் அம்மா அந்தக் களத்தில் வேலை செய்தவள். அவித்த நெல்லைப் பரப்பி, வெயிலில் பொம்பளைகள் வரிசையாகக் காலாலேயே கோடு இழுத்துக்கொண்டு நடப்பார்கள். அடி நெல் மேலே வர வேண்டும், அதற்கு. காலில் மெட்டி இருந்தால் நெல்லில் கழன்று விழும், நெல்லோடு போய் மிஷினைக் கெடுக்கும் என்று முதலாளி ஒரு சட்டம் போட்டிருந்தார். கேட்டுக்கு வெளியே குனிந்து மெட்டியைக் கழற்றி, முந்தானையில் முடிந்துகொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். வாட்ச்மேன் காலைப் பார்த்துத்தான் விடுவான். புருஷன் உயிரோடு இருக்கும்போது தினமும் மெட்டியைக் கழற்றுவது எவ்வளவு பெரிய சங்கடம் என்று அந்த மனிதருக்கு என்ன கவலை?

ஒருநாள் உமி நீக்குகிற மிஷின் தடதடவென்று அதிர்ந்து நின்றுவிட்டது. சாயங்காலம் முடிச்சை அவிழ்த்த அம்மாவிடம் ஒரு மெட்டிதான் இருந்தது. யாருடைய மெட்டியாவது காணோமா என்று முதலாளி கேட்டார். அம்மா பேசாமல் இருந்திருக்கலாம். என்னுதுதான் காணோங்க என்று சொல்லி, தானே போய் மாட்டிக்கொண்டாள். முடிந்தது கதை. கழற்றாமல் காலோடு போட்டுக்கொண்டு வந்தாள் என்று பழியைத் தூக்கி அவள் தலையில் கட்டினார். வெள்ளி மெட்டி ஒன்று அத்தனை பெரிய இரும்பு மிஷினை முறிக்குமா என்று ஒரு ஆம்பளைகூடக் கேட்கவில்லை. அம்மாவுக்கு வேலை போயிற்று. மிஷின் சரியாகிற வரைக்கும் களத்தில் வேலை செய்த எங்கள் தெருக்காரர்களுக்கும் கூலி இல்லை. அந்தக் கோபத்தை அவர்கள் முதலாளி மேலா காட்டுவார்கள்? எங்கள் தெரு முழுக்க அம்மாவுக்கு மெட்டிக்காரி என்று பெயர் வைத்தது. நான் பள்ளிக்கூடத்தில் மெட்டிக்காரி பொண்ணு.

இதில் எனக்கு ஆறாத கோபம் அம்மா மேலேயும் உண்டு. ஏனென்றால் அவளே அதை நம்பிவிட்டாள். கழற்றியதாகத்தான் ஞாபகம், ஆனால் ஒன்றைக் கழற்றாமல் விட்டேனோ என்னவோ என்பாள். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை எனக்கு மெட்டி போட்ட நேரத்தில் மேடையில் அவள் இல்லை. சமையல்கட்டில் பாத்திரங்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கா கூச்சம்? கூச்சப்பட வேண்டிய தெருக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து தாம்பூலம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்குக் களத்தில் ஆணியும் போல்ட்டும் ஒரு துருப்பிடித்த பூட்டும்தான் கிடைத்தன. பட்டுக்கடைக்காரருக்கு முகம் தொங்கிவிட்டது. வெளியே வரும்போது சென்னைக்காரர் சும்மா கேட் தூணுக்கு இந்தப் பக்கம், ரோட்டோரமாகக் கம்பை ஆட்டினார். அது கத்தியது. தோண்டினார். கறுத்துப்போன ஒரு வளையம். என் கடையில் தண்ணீர் வாங்கி ஊற்றித் தேய்த்ததும் அதில் செதுக்கிய மீன் தெரிந்தது. அதன் வால் ஒரு பக்கமாக நெளிந்திருந்தது.

நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அதே மீன், அதே நெளிந்த வால், எங்கள் வீட்டு மஞ்சள் துணிக்குள் ஒற்றையாகக் கிடக்கிறது.

பட்டுக்கடைக்காரர் அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டிருந்தார். மில்லில் உழைத்த பெண்களின் ஞாபகமாக நடுவில் வைக்கலாம் என்று சென்னைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உழைத்த பெண்களாம்!

"சார், அது எங்கம்மாவோடது. குடுங்க," என்றேன்.

"உங்களுதுன்னு எப்படிம்மா சொல்றீங்க?"

"இங்கயே இருங்க. ஜோடிய எடுத்துக்கினு வரேன்."

ஜோடியோடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தேன். முட்டிவலியோடு வந்தாள். அப்பா போனதிலிருந்து அவள் காலில் மெட்டி போடுவதில்லை. இரண்டையும் தூண் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே பத்தர் கையால் செய்தது என்று குருடனுக்கும் தெரியும். பட்டுக்கடைக்காரர் சரி சரி எடுத்துக்கோங்க என்றார், பெரிய தருமம் பண்ணுகிற மாதிரி.

அம்மா மெட்டியைப் பார்க்கவில்லை. தோண்டிய குழியைப் பார்த்தாள்.

"இங்கயா இருந்துது?" என்று கேட்டாள். சென்னைக்காரர் தலையாட்டினார்.

அம்மா குழியிலிருந்து தூணையும், தூணிலிருந்து களத்தையும் பார்த்தாள். குனிந்து கழற்றுகிற இடம் அதுதான். கழற்றி முந்தானையில் முடியும்போதே ஒன்று நழுவி மண்ணில் விழுந்திருக்கிறது. வண்டிச் சக்கரம் ஏறி ஏறிப் புதைந்திருக்கிறது. எனக்குப் புரிந்தது. அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நான் கழட்டிட்டுதான் போயிருக்கேன்," என்றாள். "அது உள்ளயே வரல."

நான் விடவில்லை. உங்கப்பா இதற்காகத்தான் இவளை வேலையை விட்டுத் துரத்தினார், எங்கள் தெருவே இவளைக் காறித் துப்பியது, இதையும் எழுதிக் கண்ணாடிப் பெட்டியில் ஒட்டுங்கள் என்று கத்தினேன். ரோட்டில் போன ஷேர் ஆட்டோ நின்று வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும். பட்டுக்கடைக்காரர் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார்.

"பழைய கதைம்மா அது. அப்பாவும் போய்ட்டாரு. இப்ப பேசி இன்னா ஆவப் போவுது?"

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்கப்பா போய்ட்டாரு. நான் இருக்கேன் இல்ல," என்றாள்.

ஒரு மன்னிப்பு, ஒரு 'தப்புதாம்மா', அவர் வாயிலிருந்து வரவில்லை. வரும் என்று நானும் நிற்கவில்லை. கார் போய்விட்டது. ஆணியும் போல்ட்டும் அந்தக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கட்டும், அவர்களுக்கு அதுவே அதிகம்.

வீட்டுக்குப் போய்ப் படு என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் இரண்டு மெட்டிகளையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடந்தாள், ஆனால் வீட்டுக்கு இல்லை. எங்கள் தெருவின் முதல் வீட்டு வாசலில் நின்று, உள்ளே இருந்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அவர்கள் வந்ததும் கையை விரித்துக் காட்டினாள்.

"கேட்டுக்கு வெளியவே விழுந்திருக்குது," என்றாள்.

அவர்கள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வாசலுக்குப் போய்விட்டாள்.