முத்திரை ஒட்டிய அறை

இந்த ஊரில் இருக்கிற வீடுகளில் பாதிக்கு மேல் கதவைத் திறந்துவிட்டவர் சாவிக்காரம்மாதான். பாதிக்கு மேல் என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. நகராட்சி கட்டிக்கொடுத்த குடியிருப்புகளில் என்று வைத்துக்கொள்வோம். அதிலும் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற கட்டடங்கள் என்று சுருக்கிக்கொண்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். சாவிக்கொத்தின் கனம் தாங்காமல்தான் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறார் என்று சொல்வதும் இதே ரகம். உண்மையில் அவருக்கு முழங்கால் வலி.

சாவிக்காரம்மாவும் ஒரு காலத்தில் அடைக்கலம் தேடி இந்த ஊருக்கு வந்து இறங்கியவர்தான். கையில் ஒரு பை, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. பழைய சந்தைக் கூடத்தைத் திரை கட்டிப் பிரித்து, வந்தவர்களையெல்லாம் நகராட்சி அங்கே தங்கவைத்திருந்தது. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் குறைவில்லை. ஆனால் திரைக்குக் கதவு ஏது? யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் தலையை நீட்டுவார்கள். தலைவாரிக்கொண்டிருந்தாலும் சரி, அழுதுகொண்டிருந்தாலும் சரி, திரை விலகும். "போர்வை போதுமா?" என்று ஒரு நல்ல மனம் கேட்கும். நல்ல மனம்தான். அதனால் கோபப்படவும் வழியில்லை.

பிறகு நகராட்சியின் உதவி மேசையில் இருந்த ஒரு பெண் அலையாய் அலைந்து இவருக்கு வீடு வாங்கிக் கொடுத்தார். குழந்தையைப் பள்ளியில் சேர்த்தார், சாயங்கால மொழி வகுப்பில் இவரைச் சேர்த்தார், நகராட்சி அலுவலகத்திலேயே மாடிப்படி பெருக்கும் வேலையும் பிடித்துக் கொடுத்தார். அந்தப் பெண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால் சாவிக்காரம்மாவின் குரல் இன்றைக்கும் தழுதழுத்துவிடும். ஒரே ஒரு விஷயம். வீட்டைக் கொடுத்த அன்று அந்தப் பெண் சந்தோஷ மிகுதியில் தானே கதவைத் திறந்து, தானே முதலில் உள்ளே போய், குழாயைத் திருகிக் காட்டி, அலமாரியை இழுத்துக் காட்டி, "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்று இவரைக் கூப்பிட்டார். சொந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போன கதையாகிவிட்டது.

படி பெருக்கியவர் பிறகு சாவி அறைக்கு மாறினார். காலி வீடுகளின் சாவிகள் கொக்கிகளில் வரிசையாகத் தொங்கும் சின்ன அறை அது. அங்கே உட்கார்ந்தபோது அவர் தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டார். பூட்டுக்கு எண்ணெய் விடுவார். சாவி சரியாகத் திரும்புகிறதா என்று பார்ப்பார். ஆனால் கடைசிச் சொடுக்கை மட்டும் விட்டுவைப்பார். அதை அந்தக் குடும்பம்தான் திருப்ப வேண்டும். அவர்கள் உள்ளே போய், அவர்கள் வாயால் கூப்பிட்டால்தான் இவர் வாசலைத் தாண்டுவார். கூப்பிடாவிட்டால் வெளியிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவார். அலுவலகத்தில் இதற்காக அவரை ஓட்டாத ஆள் கிடையாது.

கொத்தனார் குடும்பத்துக்கு வீடு கொடுத்த அன்று இந்த விதி நல்ல கூத்தடித்தது. கொத்தனார், அவர் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், மனைவியின் அப்பா. இவர்களும் அடைக்கலம் தேடி வந்து சந்தைக் கூடத்தில் திரைக்குப் பின்னால் இருந்தவர்கள்தான். அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு எதிரே, மாடி ஏறத் தேவையில்லாத தரைத்தள வீடாகப் பார்த்து நகராட்சி ஒதுக்கியிருந்தது. கதவு திறந்ததும் குடும்பம் அப்படியே நின்றது. அதிகாரி முதலில் போகட்டும் என்று அவர்கள். வீட்டுக்காரர்கள் கூப்பிடட்டும் என்று இவர். திறந்த கதவுக்கு முன்னால் எல்லோரும் தேர் பார்க்க வந்தவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுப் பெண்மணி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, யாரோ தவறிவிட்டார்கள் போலிருக்கிறது என்று தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு வந்தார்.

"நீங்க கூப்பிட்டாத்தான் நான் உள்ள வருவேன்," என்றார் சாவிக்காரம்மா.

"இது எங்க வீடு இல்லையே அக்கா, கவர்மென்ட் வீடாச்சே," என்றாள் கொத்தனார் மனைவி.

"சாவி யார் கையில இருக்கு?"

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாக உள்ளே போய், திரும்பி நின்று, "வாங்க அக்கா," என்றாள். சொல்லிவிட்டு, சொன்னது தான்தானா என்பதுபோல வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாசலை ஒட்டினாற்போலவே சமையலறை. அங்கே உட்காரவைத்தார்கள், தேநீர் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சாவிக்காரம்மாவைக் கூப்பிட்டார்கள், அதே சமையலறையில் உட்காரவைத்தார்கள். அதைத் தாண்டி அவரும் போகவில்லை. மறுபடி யார் கூப்பிட்டார்கள், போவதற்கு?

இங்கேதான் டேப்புக்காரர் வருகிறார். நகராட்சியின் வீட்டுப் பரிசோதகர் அவர். இடுப்பில் அளவு டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. தூங்கும்போதும் கட்டிக்கொண்டுதான் தூங்குவார் என்று கேள்வி. வீடு கொடுத்த கொஞ்ச நாளில் அவர் ஒவ்வொரு வீடாக வந்து பார்ப்பார். வீடு கேட்டுக் காத்திருக்கிற குடும்பங்கள் ஏராளம். அதனால் ஓர் அறை சும்மா கிடந்தாலும் அந்தக் குடும்பத்தைச் சின்ன வீட்டுக்கு மாற்றிவிட்டு, பெரிய வீட்டை இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். நியாயமான சட்டம்தான். ஆனால் அப்போது காலியாக இருந்த ஒற்றை அறை வீடுகள் எல்லாம் ஊரின் மறு கோடியில், மாடிக்கு மேல் மாடியில் இருந்தன. லிஃப்ட் இல்லாத கட்டடம். அந்தப் பெரியவரை அங்கே ஏற்றுவதென்றால் நாற்காலியில் வைத்துத் தூக்க வேண்டும், அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு தடவையும்.

பரிசோதனை நாளன்று டேப்புக்காரர் விறுவிறுவென்று உள்ளே நுழைந்தார். சாவிக்காரம்மா வழக்கம்போல வாசலில் நின்றார். "உங்களோட வந்தா என் பாதி நாள் வாசல்லயே போயிடுது," என்று அவர் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போதே கொத்தனார் மனைவி இவரையும் கூப்பிட்டுவிட்டாள். இந்த முறை வீடு முழுவதையும் காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனாள்.

முன்னறையில் ஐந்து பேரின் படுக்கையும் சுருட்டி அடுக்கியிருந்தது. பெரிய பெண்ணின் புத்தகங்கள் சமையலறை ஜன்னல் மேடையில் இருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த பெரியவர் கையில் கட்டுடன் சுவரோரம் சாய்ந்திருந்தார். சின்னப் பெண் அவர் காலைத் தாண்டித் தாண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். நடையின் கோடியில் உள்ளறை. அதன் கதவுக்கும் நிலைக்கும் குறுக்கே, நகராட்சி முத்திரை குத்திய காகிதப் பட்டை ஒட்டினது ஒட்டினபடி இருந்தது.

அது பெயின்டர்கள் ஒட்டுவது. கடைசியாக வண்ணம் பூசிய அறையில் ஈரம் காய்வதற்குள் யாரும் கால்வைக்கக் கூடாது என்பதற்காக ஒட்டிவிட்டுப் போவார்கள். அதைக் கிழிக்கிற சந்தோஷம் குடிவருகிறவர்களுக்கே இருக்கட்டும் என்று சாவிக்காரம்மா அதைத் தொடுவதில்லை. எல்லா வீட்டிலும் பிள்ளைகள் முந்திக்கொண்டு ரிப்பன் வெட்டுவதுபோல அதைக் கிழிப்பார்கள். இந்த வீட்டிலும் கிழித்திருப்பார்கள் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க சார், ஒரு நகம்கூடப் படல," என்றாள் கொத்தனார் மனைவி. பெருமை தாங்கவில்லை அவளுக்கு. சமையலறை ஆவியில் ஒரு முனை கிளம்பியபோது கொத்தனார் நல்ல பசையாக வாங்கிவந்து ஒட்டிவிட்டார் என்பதையும் சொன்னாள். தினமும் உலர்ந்த துணியால் தூசி தட்டுகிறார்களாம். அந்தப் பக்கம் போகிற பிள்ளைகளுக்கு அடியே விழுமாம். அடுத்து வருகிற குடும்பம் எப்போது வந்தாலும் புத்தம் புதிதாக ஒப்படைத்துவிடலாம் என்றாள். சந்தைக் கூடத்தில் திரைக்கு அந்தப் பக்கம் எப்போதும் இன்னொரு குடும்பம் இருந்ததே, அந்தக் கணக்கில்.

டேப்புக்காரரின் முகம் இறுகியது. "அப்போ இந்த அறை உங்களுக்குத் தேவைப்படல. அப்படித்தானேம்மா?"

"தேவைப்படல சார்," என்று அவள் சொல்லியேவிட்டாள். நல்ல பேர் வாங்குகிற ஆசையில் தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொண்டாள். டேப்புக்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

சாவிக்காரம்மா குறுக்கே வந்தார். "அது கிழிக்கிறதுக்குத்தான்மா இருக்கு. உங்க அறைதான் அது. ஏன் கிழிக்கல?"

கொத்தனார் மனைவி அவரை வினோதமாகப் பார்த்தாள். "முத்திரை ஒட்டின கதவ கிழிக்கலாமா அக்கா? எங்க ஊர்ல எங்க வீட்டுக் கதவுலயும் இப்படித்தான் ஒட்டிட்டுப் போனாங்க. அன்னிக்கு ராத்திரியே நாங்க கிளம்பிட்டோம்."

சின்னப் பெண் தாத்தாவின் காலைத் தாண்டுவதை நிறுத்திவிட்டாள்.

டேப்புக்காரர் பேனாவை மூடினார். டேப்பைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைச் செருமினார். "நான் இன்னும் வரல," என்றார். யாருக்கும் புரியவில்லை. "நான் இன்னும் வீட்டுக்குள்ளயே வரலம்மா. இனிமேதான் வரப்போறேன்," என்று சொல்லிவிட்டு வெளியே போய், கதவையும் தானே சாத்திக்கொண்டார்.

உள்ளே கொத்தனார் பட்டைக்குப் பக்கத்தில் போனார், திரும்பி வந்தார். சுவர் சுவராக இடித்துக் கட்டுகிற மனிதர், ஒரு காகிதத்தின் முன்னால் நின்றுவிட்டார். சாவிக்காரம்மா ஒரு இழுப்பு இழுத்திருந்தால் தீர்ந்தது. அவர் கையும் பாதி தூரம் போனது. போன கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் தன் விதியைக் கடைப்பிடிப்பது அவருக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்ததே இல்லை.

"என்னை அங்க கூட்டிட்டுப் போம்மா," என்றார் பெரியவர். மகள் தாங்கிப் பிடிக்க, நடந்து வந்தார். கட்டுப் போடாத கையின் நகத்தைப் பட்டையின் ஓரத்தில் வைத்துச் சுரண்டினார். வரவில்லை. மறுபடி சுரண்டினார். அசையவில்லை. மருமகன் ஒட்டிய பசை அப்படி.

"என்ன மாப்பிள்ளை, வீட்டயே சேத்துக் கட்டிட்டீங்களா?" என்றார் பெரியவர்.

முதலில் சிரித்தது மகள்தான். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். கொத்தனார் கரண்டியும் ஈரத் துணியும் கொண்டுவந்தார். மாமனார் ஒரு முனை, மருமகன் ஒரு முனை, நடுவில் இரண்டு பிள்ளைகள் என்று பட்டை துண்டு துண்டாக வந்தது. கதவு திறந்தது. புது வண்ண வாசனை. ஜன்னலுக்கு நேரே ஆஸ்பத்திரியின் வாசல். பெரியவர் உள்ளே போய், வெறும் தரையில் போர்வையை விரிக்கச் சொல்லி, காலை நீட்டிப் படுத்தார். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து தலைமாட்டில் யாருடைய காலும் இல்லாமல் அவர் படுத்தது அன்றைக்குத்தான். அடுத்த மூச்சில் தூங்கிப்போனார்.

வாசல் கதவை யாரோ தட்டினார்கள். டேப்புக்காரர் தட்டிவிட்டு உள்ளே வந்ததாகச் சரித்திரத்திலேயே இல்லை. "உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டார்.

"வாங்க சார்," என்றாள் கொத்தனார் மனைவி. இந்த முறை வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

அவர் குதிகால் படாமல் நடந்து போய் உள்ளறையை எட்டிப் பார்த்தார். டேப்பை இழுத்தால் சுருங்கும்போது சத்தம் வரும் என்று அதை எடுக்கவே இல்லை. அறை புழக்கத்தில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டார். அப்புறம் சமையலறையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். நன்றி சொல்லத் தெரியாமல் அவள் அதில் சர்க்கரையைக் கொட்டு கொட்டென்று கொட்டியிருந்தாள். கரண்டியை நட்டால் நட்டபடி நின்றது. டேப்புக்காரர் முகம் சுளிக்காமல் குடித்தார்.

மறுநாள் நகராட்சிக் கிடங்கிலிருந்து ஒரு கட்டில் வந்தது. அந்த மாதத்தோடு முத்திரைப் பட்டையும் ஒழிந்தது. டேப்புக்காரர் எழுதிக் கேட்டு, பெயின்டர்களுக்கு வெறும் மஞ்சள் நூல் கொடுக்கச் செய்தார். பெரியவர் இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். பேத்திகள் தட்டிவிட்டுத்தான் போக வேண்டும். டேப்புக்காரர்? தட்டுகிற பழக்கம் அவருக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. சொந்த வீட்டுக் கதவையும் தட்டுகிறாராம். அவர் மனைவிக்குத்தான் எரிச்சல்.

இவ்வளவையும் நான் வாசிக்கக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாவிக்காரம்மா, முழங்காலைத் தேய்த்தபடி, முதல் வரியே தப்பு என்றார். "ஒரு வீட்டுக் கதவக்கூட நான் திறந்ததில்ல. அவங்கவங்கதான் திறந்தாங்க. அத மாத்துங்க." அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அந்தச் சர்க்கரைக் கதையும் வேண்டாம். அன்னிக்கு அந்த வீட்டுல சர்க்கரையே கிடையாது. அவர் ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிச்சார்."